அக்கா தங்கச்சின்னு எழுதுன பொண்ணுக்கு நான் போட்ட 4 மார்க்

2009-ல நடந்த விஷயம் இது. அப்ப ஒரு கலைக் கல்லூரியில மூணாம் வருஷ விலங்கியல் பசங்களுக்கு, தமிழ் மீடியம், பாடம் எடுத்துக்கிட்டு இருந்தேன். இன்டர்னல் பரீட்சையில முதலை இனங்களுக்குள்ள இருக்குற உறவை மரப்படமா வரைஞ்சு விளக்கச் சொல்லி 10 மார்க்குக்கு ஒரு கேள்வி. நான் கிளாஸ்ல நடத்துனது ரொம்பத் தெளிவா இருக்கும். மரத்தோட அடியிலேயே முதல் கிளையா கரியால், அதாவது வட இந்திய ஆறுகள்ல இருக்குற ஒல்லி வாய் முதலை, தனியா பிரிஞ்சு போயிடும், அதுக்கு மேல அலிகேட்டர் குடும்பம் ஒரு பக்கம், உண்மை முதலைக் குடும்பம் இன்னொரு பக்கம், அந்த உண்மை முதலைக் குடும்பத்துக்குள்ளதான் டோமிஸ்டோமா, அதாவது பொய்க் கரியால். கரியால் மாதிரியே நீளமா ஒல்லியா வாய் இருக்கும், ஆனா சொந்தம் கிடையாது. இதை நான் குவிபரிணாமத்துக்கு, அதாவது சொந்தம் இல்லாத உயிருங்க ஒரே மாதிரி வாழ்க்கையால ஒரே மாதிரி உருவத்துக்கு வர்றதுக்கு, எடுத்துக்காட்டா வருஷா வருஷம் சொல்லுவேன், ரொம்பப் பிடிச்ச எடுத்துக்காட்டுன்னே சொல்லலாம்.

மூணாவது பெஞ்சுல உக்காருற ஒரு பொண்ணு, கொள்ளிடக்கரை ஊரு, கரியாலையும் டோமிஸ்டோமாவையும் ஒரே குச்சியில ரெண்டு இலை மாதிரி பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு, கீழ ஒரு வரி எழுதியிருந்தா. "முகஜாடை ஒரே மாதிரி இருப்பதால் இவை இரண்டும் அக்கா தங்கச்சி". நான் 10-க்கு 4 போட்டு, சிவப்பு மையில "உருவம் உறவு ஆகாது"ன்னு எழுதி அடிக்கோடு போட்டேன். பேப்பர் குடுத்த அன்னிக்கு ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னா. "சார், நீங்க காட்டுன படத்துலயே ரெண்டும் ஒரே மாதிரிதானே சார் இருந்துச்சு?" அப்படின்னா. "அதாம்மா பாடமே. திமிங்கிலம் கூட மீன் மாதிரிதான் இருக்கு, அதுக்காக மீன் ஆயிடுமா?"ன்னு கேட்டேன். சரி சார்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவ்வளவுதான் நடந்தது. அதுக்கப்புறம் 13 வருஷம் எனக்கு இது ஞாபகத்துலயே இல்ல.

2022 மார்ச்ல ஒரு செய்தி கண்ணுல பட்டுச்சு. சீனாவுல குவாங்டாங் மாகாணத்துல கிடைச்ச ஒரு பெரிய முதலையோட எலும்புக்கு ஹான்யூசுகஸ்னு புதுப் பேர் வச்சிருக்காங்க, கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம், 3000 வருஷத்துக்கு முந்தினது, மனுஷங்க வெட்டுன தடம் மண்டையில இருக்கு, கழுத்தெலும்புல தலையை வெட்டி எடுத்த தடம் கூட இருக்கு. அந்த வெட்டுத் தடத்துக்காகத்தான் நான் படிச்சேன். படிச்சுக்கிட்டே போகும்போது நடுவுல ஒரு வாக்கியம், இந்த மிருகம் கரியாலுக்கும் டோமிஸ்டோமாவுக்கும் இடைப்பட்ட உடலமைப்போட இருக்கு, ரெண்டும் நெருங்குன சொந்தம்னு மரபணு சொல்றதோட இது ஒத்துப் போகுதுன்னு. அந்த இடத்துல நின்னுட்டேன். மரபணு அப்படியா சொல்லுது? எப்பத்துல இருந்து சொல்லுது?

தேடிப் பார்த்தா 1983-ல இருந்து. லெவெலின் டென்ஸ்மோர்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் முதலைகளோட புரதங்களை ஒப்பிட்டுப் பார்த்து, கரியாலும் டோமிஸ்டோமாவும்தான் ஒண்ணுக்கொண்ணு நெருங்குன சொந்தம்னு அப்பவே எழுதிட்டார். 2003-ல செல்லோட உட்கருவுல இருக்குற மரபணு ஒண்ணை எடுத்துப் பார்த்த இன்னொரு குழுவும் அதையே சொல்லிடுச்சு. நான் அந்தப் பொண்ணுக்கு 4 மார்க் போட்டதோ 2009-ல. என்னோட நோட்ஸ் நான் எம்எஸ்சி படிச்ச காலத்து நோட்ஸ், அதுல இருந்து நான் நகரவே இல்லைங்கிறது அன்னிக்கு ராத்திரி எனக்குப் புரிஞ்சுச்சு. தூக்கம் வரல.

எலும்பு ஏன் அப்படிச் சொல்லுச்சு

சரி, நான் நடத்துனது ஒண்ணும் ஆதாரம் இல்லாம நடத்துனது இல்ல, அதையும் சொல்லணும். 1989-ல மார்க் நோரல், 1997-ல கிறிஸ்டோபர் புரோச்சு, ரெண்டு பேரும் எலும்பை எலும்பா எடுத்து வச்சு அலசுனவங்க. அவங்க கணக்குல கரியால் மத்த எல்லா முதலைக்கும் வெளியதான் நின்னுச்சு. ஏன்னா மத்த முதலைங்க எல்லாத்துக்கும் பொதுவா இருக்குற சில புதுப் பண்புகள் கரியாலுக்கு இல்ல, அதுக்குப் பதிலா ரொம்பப் பழைய, அழிஞ்சு போன முதலைகள்ல இருக்குற அமைப்பு இருக்கு.

சென்னை முதலைப் பண்ணைக்கு, ஈசிஆர்ல வடநெம்மேலியில 1976-ல ரோமுலஸ் விட்டேகர் ஆரம்பிச்சது, நான் வருஷா வருஷம் பசங்களைக் கூட்டிட்டுப் போவேன். அங்க போய் நிதானமா நின்னு பாத்தாலே வித்தியாசம் தெரியும். கரியாலோட தலையை மேல இருந்து பாத்தா வாணலியில கைப்பிடி ஒட்ட வச்ச மாதிரி இருக்கும், தலை ஒரு இடத்துல முடிஞ்சு சட்டுனு குச்சி மாதிரி வாய் ஆரம்பிச்சிடும். டோமிஸ்டோமா அப்படி இல்ல, முள்ளங்கி மாதிரி, தலையில இருந்து படிப்படியா மெலிஞ்சுக்கிட்டே போகும். கரியாலுக்கு 100-க்கு மேல பல்லு, டோமிஸ்டோமாவுக்கு 80 சுமாருக்குத்தான். மண்டையோட்டை எடுத்தா கரியாலோட நாசி எலும்பு பாதியிலேயே நின்னுடும், மூக்கு நுனி எலும்பைத் தொடாது, டோமிஸ்டோமாவுல தொடும். மண்டைக்கு மேல ரெண்டு ஓட்டை இருக்கு பாருங்க, அது கரியாலுக்குப் பெருசா இருக்கும், பழைய புதைபடிவ முதலைகளுக்கு இருக்குற மாதிரி. முட்டை வைக்கிறதுல கூட, கரியால் சம்பல் ஆத்துல மணல் திட்டுல குழி தோண்டி வைக்கும், டோமிஸ்டோமா போர்னியோ, சுமத்ரா பக்கம் சதுப்புக்காட்டுல இலைதழையைக் குமிச்சு மேடு கட்டி வைக்கும். இதையெல்லாம் ஒண்ணு ஒண்ணா சொல்லிட்டு, "வாய் மட்டும்தான்டா ஒண்ணு, மத்ததெல்லாம் வேற"ன்னு முடிப்பேன். பசங்க நோட்டுல எழுதிக்குவாங்க.

இப்ப யோசிச்சா அந்த முட்டை விஷயத்துலயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். நம்ம ஊரு சதுப்பு முதலை, கொள்ளிடத்துலயும் சாத்தனூர் அணையிலயும் அமராவதி அணையிலயும் இருக்குறது, குழி தோண்டித்தான் வைக்குது. உவர்நீர் முதலை மேடு கட்டுது. ஆனா அது ரெண்டும் நெருங்குன சொந்தம்தான், ஒரே பேரினம். அப்ப குழியா மேடாங்கிறதை வச்சு உறவை எப்படி முடிவு பண்றது? ஆத்தங்கரை மணலா, சதுப்பு நிலமாங்கிறதைப் பொறுத்து மாறுற விஷயம் அது. இதை நானே இன்னொரு வகுப்புல சொல்லியிருக்கேன். ரெண்டையும் சேர்த்து யோசிக்கல.

இன்னொண்ணும் இருந்துச்சு, அதை நினைச்சாத்தான் மனசு ரொம்ப அடிச்சுக்குது. ஒரு தடவை பண்ணையில வேலை பாக்குற ஒருத்தர் சதுப்பு முதலைக் குஞ்சு ஒண்ணைக் கையில பிடிச்சு மல்லாக்கத் திருப்பி வயித்தைக் காட்டுனாரு. ஒரு சாண் நீளம்தான் இருக்கும், வெளிர் மஞ்சள் வயிறு, கட்டம் கட்டமா செதில். ஒவ்வொரு செதிலோட பின் ஓரத்துலயும் ஊசியால குத்துன மாதிரி ஒரு சின்னப் புள்ளி. "தண்ணியில ஒரு சின்ன அசைவுன்னாலும் இதுக்குத் தெரிஞ்சிரும் சார்"னாரு. தோல் வியாபாரம் பண்றவங்க இந்தப் புள்ளியை வச்சுத்தான் இது முதலைத் தோலா அலிகேட்டர் தோலான்னு பிரிப்பாங்க. அலிகேட்டருக்கு அந்தப் புள்ளி தாடையில மட்டும்தான், உடம்புல கிடையாது. முதலைக்கு உடம்பு பூரா. சரி, கரியாலுக்கு? கரியாலுக்கும் உடம்பு பூரா இருக்கு. கரியால் எல்லாருக்கும் முந்தி தனியா பிரிஞ்சு போச்சுன்னா அந்தப் புள்ளி முதலைக்கும் கரியாலுக்கும் தனித்தனியா ரெண்டு தடவை வந்திருக்கணும், இல்லன்னா அலிகேட்டர் மட்டும் இழந்திருக்கணும். கரியால் முதலைக்கு நெருங்குன சொந்தம்னா ஒரே தடவை வந்தா போதும். இது எலும்பு இல்ல, தோல், ஆனா உடலமைப்புதானே. கண்ணு முன்னாடி இருந்துச்சு, பசங்களுக்கும் காட்டுனேன், இந்தப் பக்கம் யோசிக்கவே இல்ல.

சாப்பாட்டு மேஜையில ரெண்டு ராத்திரி

மத்தவங்க சொன்னதைப் படிச்சு ஒத்துக்குறது எனக்குப் போதல. இத்தனை வருஷம் மத்தவங்க எழுதுனதை அப்படியே நம்பி நடத்துனதால வந்த வினைதானே இது. அதனால நானே பாக்கணும்னு தோணுச்சு. ஜீன்பேங்க்னு ஒரு இணையத் தரவுத்தளம், அதுல ஏகப்பட்ட உயிரோட டிஎன்ஏ வரிசை இலவசமாக் கிடைக்கும், யாரு வேணும்னாலும் எடுக்கலாம். சைட்டோகுரோம் பி-ன்னு ஒரு மரபணு, செல்லுக்குச் சக்தி குடுக்குற மைட்டோகாண்ட்ரியாவுல இருக்குறது, ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. கரியால், டோமிஸ்டோமா, சதுப்பு முதலை, உவர்நீர் முதலை, அமெரிக்க அலிகேட்டர், வெளியாளா ஒப்பிடுறதுக்குக் கோழி, ஆறையும் இறக்கி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்குனேன். கோழி எதுக்குன்னா, முதலைக்கு இன்னிக்கு உயிரோட இருக்குறதுல ரொம்ப நெருங்குன சொந்தம் பறவைதான், பல்லி கிடையாது, அது விலங்கியல் படிச்சவங்களுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர்ல மெகான்னு ஒரு சாஃப்ட்வேர், அமுக்குனா மரம் வரைஞ்சு குடுத்துடும். அதை நான் உடனே அமுக்கல. பக்கத்து ஜெராக்ஸ் கடையில ஏ4 தாள்ல பிரிண்ட் எடுத்து சாப்பாட்டு மேஜை மேல பரப்பி, ஸ்கேலும் பென்சிலும் வச்சுக்கிட்டு உக்காந்தேன். பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஏ, சி, ஜி, டி, நாலே எழுத்து மாத்தி மாத்தி வரும். பெரும்பாலான இடத்துல ஆறு வரிசையும் ஒரே எழுத்து. அங்க ஒண்ணும் தெரியாது. சில இடத்துல கோழி மட்டும் வேற. அதுவும் உதவாது. தேவையானது என்னன்னா, முதலைங்க தங்களுக்குள்ளயே ரெண்டு கட்சியாப் பிரியுற இடம். கரியாலும் டோமிஸ்டோமாவும் ஒரு எழுத்து, மத்தவங்க வேற எழுத்துன்னு இருந்தா அந்த இடத்தைச் சுழிச்சேன். டோமிஸ்டோமா முதலைகளோட சேர்ந்து நின்னு கரியால் கோழி பக்கம் நின்னா கட்டம் போட்டேன். நான் நடத்துன பாடம் சரின்னா கட்டம் ஜாஸ்தி வரணும், அந்தப் பொண்ணு எழுதுனது சரின்னா சுழி ஜாஸ்தி வரணும்.

முதல் தாள்ல ரெண்டும் கலந்து வந்துச்சு. அது சகஜம், ஒரே இடத்துல ரெண்டு தடவை எழுத்து மாறி, தற்செயலா பழைய எழுத்துக்கே திரும்புறது நடக்கும், அதனால ஒரு எழுத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டாவது தாள்ல சுழி கூட ஆரம்பிச்சுது. மூணாவது தாள் முடியும்போது நான் கட்டத்தைத் தேடிக்கிட்டு இருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுச்சு, அதாவது மனசு என் பழைய பாடத்துக்காக வாதாடுது. "இன்னும் தூங்கலையா?"ன்னு வீட்டுல எழுந்து வந்து பாத்தாங்க, என்னன்னு கேட்டாங்க, ஒரு பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். அது உண்மைதான், 2009-ஓட பேப்பரைத்தான் திருத்திக்கிட்டு இருந்தேன். மறுநாள் ராத்திரி மிச்சத் தாளையும் முடிச்சுட்டு, அப்புறமாத்தான் மெகாவுல அமுக்குனேன். மரம் வந்துச்சு. அலிகேட்டர் முதல்ல பிரியுது, அதுக்கப்புறம் சதுப்பு முதலையும் உவர்நீர் முதலையும் ஒரு கொத்து, இந்தப் பக்கம் ஒரே குச்சியில கரியாலும் டோமிஸ்டோமாவும். அவ வரைஞ்ச அதே படம்.

ஒரு மரபணு போதாதுன்னு எனக்குத் தெரியும். மைட்டோகாண்ட்ரியா தாய் வழியில மட்டும் வர்றது, அதை மட்டும் நம்புனா சில சமயம் ஏமாத்தும். ஆனா 2014-ல அலிகேட்டர், உவர்நீர் முதலை, கரியால் மூணோட முழு ஜீனோமையும், அதாவது மொத்த டிஎன்ஏவையும், படிச்சு முடிச்சாங்க, அதுல தெரிஞ்சது என்னன்னா முதலைகளோட டிஎன்ஏ பறவைகளை விட ரொம்ப ரொம்ப மெதுவா மாறுது. மெதுவா மாறுனா மாறுன எழுத்து மறுபடி மாறி தடயம் அழியறதும் குறைவு. உட்கரு மரபணுவும் மைட்டோகாண்ட்ரியாவும் புரதமும், எல்லாம் தனித்தனியாப் பாத்தவங்க ஒரே இடத்துக்கு வந்து சேந்திருக்காங்க.

கொள்ளுத்தாத்தா ஜாடை

அப்ப எலும்பு பொய் சொல்லுச்சா? இதுதான் என்னை ரொம்ப நாள் குடைஞ்ச கேள்வி. நான் எலும்பைப் பாத்து வளர்ந்தவன், டிஎன்ஏ வந்துடுச்சு இனிமே மண்டையோட்டையெல்லாம் பரண்ல போடுன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும். நல்லவேளை, விஷயம் அப்படி இல்ல.

நம்ம வீடுகள்ல பாத்திருப்பீங்க, நாலு பிள்ளைங்க இருந்தா மூணு அப்பா அம்மா ஜாடையில இருக்கும், ஒண்ணு மட்டும் சுவத்துல மாட்டியிருக்குற கொள்ளுத்தாத்தா போட்டோவை உரிச்சு வச்ச மாதிரி இருக்கும். அதுக்காக அந்தப் பிள்ளை கொள்ளுத்தாத்தாவோட கூடப்பொறந்தது ஆயிடாது. கரியாலுக்கு நடந்தது அதுதான். அதோட வம்சம் சில விஷயத்துல பழைய அமைப்புக்கே திரும்பிப் போயிருக்கு. ஒல்லியான நீள வாயை வச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள தலையைப் பக்கவாட்டுல வீசி மீன் பிடிக்கிற வாழ்க்கை, கரையில ஒழுங்கா எழுந்து நடக்கக்கூட முடியாது பெரிய கரியாலால, வயித்தால இழுத்துக்கிட்டுத்தான் போகும். அந்த வாழ்க்கைக்கு ஏத்த மாதிரி மண்டையோடு மாறும்போது பல எலும்பு சேர்ந்தாப்புல மாறுது. எலும்பாளர்கள் அதை ஒண்ணு ஒண்ணா தனித்தனி சாட்சியா எண்ணிட்டாங்க, பாத்தா எல்லாரும் ஒரே வீட்டு ஆளுங்க, ஒரே கதையைத்தான் சொல்லியிருக்காங்க. அது இல்லாம புதைபடிவம் வேற குழப்புச்சு. தொராக்கோசாரஸ்னு ஒரு நீளவாய் மிருகம், நியூஜெர்சியிலயும் ஐரோப்பாவுலயும் கிடைக்குது, டைனோசர் காலத்தோட கடைசியில வாழ்ந்தது, கிட்டத்தட்ட 7 கோடி வருஷம். அதைக் கரியாலோட முப்பாட்டன்னு நினைச்சாங்க. அப்படின்னா கரியால் வம்சம் அப்பவே தனியாப் பிரிஞ்சிருக்கணும். ஆனா டிஎன்ஏ கணக்குப் போட்டா, கரியாலும் டோமிஸ்டோமாவும் பிரிஞ்சது டைனோசரெல்லாம் போனதுக்கு அப்புறம்தான். கோடிக்கணக்கான வருஷம் இடிக்குது. இந்த இடியாலதான் எலும்புக்காரங்க டிஎன்ஏவை அவ்வளவு நாள் ஏத்துக்கல, அதுல நியாயம் இருக்கு, புதைபடிவத்தைக் கையில வச்சுக்கிட்டு அது இல்லன்னு எப்படிச் சொல்றது.

2018-ல மைக்கேல் லீ, ஆடம் யேட்ஸ்னு ரெண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலும்பு, டிஎன்ஏ, அதோட ஒவ்வொரு புதைபடிவமும் எந்தக் காலத்துப் பாறையில கிடைச்சுதுங்கிறதையும் சேர்த்து ஒரே கணக்காப் போட்டாங்க. வந்த விடை: தொராக்கோசாரஸ் கரியாலோட முப்பாட்டனே இல்ல. அது வேற வம்சம். நீளவாய் மீன்பிடி வாழ்க்கைக்கு வந்ததால கரியால் மாதிரி ஆயிருக்கு. இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. ஏன்னா நான் நடத்துன பாடம் இதுதான். உருவம் உறவு ஆகாது. பாடம் சரி, ஆளைத்தான் மாத்திப் பிடிச்சிட்டேன். சொந்தம் இல்லாம ஜாடை மட்டும் ஒத்துப் போறது கரியாலும் தொராக்கோசாரஸும். நான் பொய்யின்னு சொன்ன பொய்க் கரியாலோ சொந்தத் தங்கச்சி.

அப்புறம் எலும்புக்காரங்களும் சும்மா இருக்கல. மறுபடி உக்காந்து பாத்தாங்க. 2021-ல ரியோ, மேன்னியன் ரெண்டு பேரும் உயிரோட இருக்குறது அழிஞ்சதுன்னு 140-க்கு மேல முதலை வகைகளோட எலும்பைப் புதுசா கவனிச்சு, டிஎன்ஏ உதவி இல்லாம எலும்பை மட்டும் வச்சே கரியாலையும் டோமிஸ்டோமாவையும் பக்கத்துல கொண்டுவந்தாங்க. ஜப்பான்ல 1964-ல ஒசாகா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளயே மண்ணுல கிடைச்ச பெரிய முதலை, தைவான் பக்கத்துப் பெங்கு தீவுல கிடைச்ச எலும்பு, அப்புறம் இந்தச் சீனத்து ஹான்யூசுகஸ், எல்லாம் பாதி டோமிஸ்டோமா பாதி கரியாலா நிக்குது. ஆண் கரியாலோட மூக்கு நுனியில பானை மாதிரி ஒரு முண்டு வளரும், இந்தியில கராங்குற பானையில இருந்துதான் கரியால்னு பேரே வந்துச்சு, அது பொண்ணுக்குக் கிடையாது. அதே மாதிரி அண்ணத்துக்குப் பின்னாடி குமிழ் மாதிரி எலும்பு உப்பி இருக்குறதும் ஆண் பெண் வித்தியாசம் காட்டுற அமைப்பு. அந்தக் குமிழோட ஆரம்பம் ஹான்யூசுகஸோட மூக்குல இருந்து தொண்டைக்குப் போற காத்துப் பாதை எலும்புல தெரியுதுன்னு எழுதியிருக்காங்க. சாட்சி அங்கயே மண்ணுக்குள்ள இருந்திருக்கு.

இதே மாதிரி கதை முதலை உலகத்துல இன்னும் இருக்கு. 1807-லயே ஜெஃப்ராய் செயிண்ட் இலேர், எகிப்துல பதப்படுத்தி வச்சிருந்த முதலை மம்மியைப் பாத்து, நைல்ல ரெண்டு வகை முதலை இருக்குன்னு சொன்னார், ஒண்ணுக்கு சுகஸ்னு பேரும் வச்சார். 200 வருஷம் பெரும்பாலானவங்க அதை ஏத்துக்கல, எல்லாம் ஒரே நைல் முதலைதான்னாங்க. 2011-ல எவான் ஹெக்காலா குழு மம்மியில இருந்தே டிஎன்ஏ எடுத்துப் பாத்தா அவர் சொன்னதுதான் சரி, அதுவும் நைல் முதலை இந்த சுகஸை விட அமெரிக்கக் கண்டத்து முதலைகளுக்குத்தான் நெருங்குன சொந்தம். அதே ஹெக்காலா 2021-ல மடகாஸ்கர்ல அழிஞ்சு போன கொம்பு முதலையைப் பாத்தப்ப நேர்மாறா நடந்துச்சு, மண்டையோட்டை வச்சு ஆப்பிரிக்கக் குள்ள முதலைக்குச் சொந்தம்னு நினைச்சிருந்தாங்க, டிஎன்ஏ அது நைல் முதலையும் சதுப்பு முதலையும் இருக்குற பேரினத்துக்குத்தான் பக்கத்து வீடுன்னு சொல்லிடுச்சு. ஒரு இடத்துல கண்ணு ஜெயிக்குது, ஒரு இடத்துல தோக்குது. நம்ம சங்கப் பாட்டுலயே முதலை, இடங்கர், கராம்னு மூணு பேரைத் தனித்தனியா அடுக்கியிருக்காங்க. தண்ணிக்குப் பக்கத்துல வாழ்ந்தவங்க கண்ணு வித்தியாசத்தைப் பாத்திருக்கு. இன்னிக்கு நாம எல்லாத்தையும் முதலைன்னு ஒரே பேர்ல முடிச்சிடுறோம்.

அந்தப் பொண்ணு எழுதுன காரணத்தைப் பத்தியும் நான் ரொம்ப யோசிச்சேன். முகஜாடைங்கிறது மட்டும் காரணமாப் போதாது, அது இப்பவும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவோட நன்னீர் முதலைக்கும் ஒல்லி வாய்தான், ஆப்பிரிக்காவோட மெலிவாய் முதலைக்கும் ஒல்லி வாய்தான், அதுங்க ரெண்டும் கரியாலுக்குத் தங்கச்சி இல்ல. அதனால 10-க்கு 10 போட்டிருக்க முடியாது. ஆனா படம் சரி. அவ கேட்ட கேள்வியும் சரி. நான் திமிங்கிலத்தைச் சொல்லி வாயை அடைச்சிருக்கக் கூடாது. வாம்மா, ரெண்டு மண்டையோட்டையும் எடுத்து வச்சுப் பாப்போம்னு சொல்லியிருக்கணும்.

போன மாசம் பழைய மாணவர் குரூப்ல கேட்டு நம்பர் வாங்கிப் போன் பண்ணேன். இப்ப ஒரு மேல்நிலைப் பள்ளியில பிளஸ் டூ உயிரியல் எடுக்குறா. குரலைக் கேட்டதும் "சார்!"னு அப்படி ஒரு சந்தோஷம். நான் சுத்தி வளைக்காம அந்தப் பரீட்சை பேப்பரைப் பத்திச் சொன்னேன். அவளுக்கு மார்க் ஞாபகமே இல்ல. "ஆனா சிவப்பு இங்க்ல எழுதுனீங்க பாருங்க சார், உருவம் உறவு ஆகாதுன்னு, அது அப்படியே மனசுல நிக்குது. நான் வருஷா வருஷம் பசங்களுக்கு அதைத்தான் போர்டுல எழுதுவேன். கரியால் படமும் பொய்க் கரியால் படமும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி, ரெண்டும் சொந்தமே இல்லன்னு சொல்லுவேன் சார்"னா.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல. லைன்ல இருக்கீங்களா சார்னு கேட்டா. அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன், புரதம், ஜீனோம், சீனத்து முதலை, வயித்துச் செதில் புள்ளி, அப்படியே ஒண்ணேகால் மணி நேரம் ஓடிடுச்சு. நீ வரைஞ்ச படம்தான்மா சரி, மன்னிச்சுக்கம்மான்னு சொன்னேன். "அய்யோ சார், நீங்க போயி"ன்னா, அப்புறம் அவளும் கொஞ்ச நேரம் பேசல. அவ போர்டையும், அங்க உக்காந்து எழுதிக்கிட்டுப் போன பசங்களையும் நினைச்சிருப்பா. "அப்ப அந்த வரியை அழிச்சிடணுமா சார்?"னு கேட்டா. வரி இருக்கட்டும், கீழ ஒட்டியிருக்குற படத்தை மாத்து, பொய்க் கரியாலை எடுத்துட்டுத் தொராக்கோசாரஸை ஒட்டுன்னு சொன்னேன். அது சரி சார், ஆனா நீங்க சொல்றீங்கன்னு நான் சொல்லி, நான் சொல்றேன்னு பசங்க எழுதி, மறுபடி அதேதானே சார் ஆகுதுன்னா. அந்தச் சாப்பாட்டு மேஜைத் தாளை அனுப்பச் சொன்னா. 60 பசங்க இருக்காங்களாம், நாலு நாலு பேரா பிரிச்சா 15 செட்டு வேணும்.

திங்கக்கிழமை ஜெராக்ஸ் கடையில நின்னு 15 செட்டும் எடுத்தேன். சுழியும் கட்டமும் போட்ட என் தாளைக் குடுக்கல, கம்ப்யூட்டர்ல இருந்து புதுசா, ஒரு பென்சில் கோடு கூட இல்லாத பிரிண்ட். எது எந்த முதலைன்னு கூட எழுதல, ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் நம்பர் மட்டும் போட்டு, பேரை ஒரு தனிக் கவர்ல ஒட்டி மூடி வச்சேன், சுழிச்சு முடிச்சதுக்கு அப்புறம் பிரிக்கச் சொல்லி. கூரியர் அன்னிக்குச் சாயங்காலமே போயிடுச்சு.